கொக்கி மாட்டிய இடம்

பங்காளி,

இன்று காலை ஸ்டோரில் புது சேஃப்டி பெல்ட் பெட்டியைப் பிரித்தேன். அந்த வாசம் உனக்குத் தெரியும். நைலான் நாடாவும் பிளாஸ்டிக் தாளும் கலந்து, புதிதாய்த் திறந்த செருப்புக்கடை மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அது மூக்கில் ஏறினால் பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் நிற்பேன். இன்று போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, கொக்கியை அழுத்தித் திறந்து பார்த்து, சுவரில் தொங்கவிட்டேன். நீ போன பிறகு நான் கட்டடச் சாரத்தில் ஏறுவதில்லை. அபுதாபியில், முசஃபா யார்டில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

வெயில் தாழ்ந்துவிட்டது. ஐப்பசி. அரபிகளுக்கு வேட்டைப் பருவம். நம் கம்பெனிக்கு உன் கதையைச் சொல்லும் பருவம்.

ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் காலை மீட்டிங்கில் உன்னை எடுத்துவிடுவார்கள். "ஒரு ஆள் இருந்தான். கொக்கி மாட்டாமல் மரத்தில் ஏறினான். செத்தான்." அவ்வளவுதான் நீ. நானும் ஒவ்வொரு வருடமும் எழுந்து, "மாட்டியிருந்தான்" என்பேன். உட்காரச் சொல்வார்கள். உட்கார மாட்டேன். வந்த சேஃப்டி ஆபீசர்கள் எல்லோரும் மாறிப் போனார்கள். கதையும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

அந்தப் பண்ணையை நினைத்துக்கொள்கிறேன். அல் ஐன் தாண்டி, மணலுக்கு நடுவே வேலி போட்டு, தண்ணீர் விட்டு, பண்ணை முதலாளியான அர்பாப் புள்ளிமான் வளர்த்தார். குளிர் தொடங்கினால் விருந்தாளிகள் வந்து சுடுவார்கள். மரத்தில் கட்டி உட்கார வெளிநாட்டிலிருந்து இரும்பு இருக்கைகள் வரவழைத்திருந்தார். இருக்கையின் முதுகை மரத்தில் சாய்த்து, நைலான் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டுகிற வேலை என்றால் சாரக்காரனைத்தானே கூப்பிடுவார்கள். நம் இருவரையும் அனுப்பினார்கள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் நீ மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தாய். "பங்காளி, இது நம்ம வன்னிமரமப்பு!" என்றாய். காஃப் என்று அவர்கள் சொல்லும் மரம் அதுதான். பிறகு நீயே சிரித்தாய். "நம்மூர்ல விஜயதசமிக்குச் சாமி குதிரையில வந்து வன்னிமரத்தப் பாத்து அம்பு விடுது. இங்கிட்டு வன்னிமரத்துல ஏறிக்கிட்டு மானைச் சுடுறாய்ங்க. நடுவுல மாட்டுனது மானு."

கட்டி முடித்ததும் பாரம் தாங்குகிறதா என்று பார்க்க மேலே போய் உட்கார்ந்தாய். அப்போது ஒரு மான் கீழே வந்தது. நான் வண்டிக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். அது உனக்கு நேர் கீழே நின்று உதிர்ந்த காய்களை மேய்ந்தது. நீ எச்சில்கூட விழுங்கவில்லை. அது போன பிறகும் நீ இறங்கவில்லை. நான் கத்திக் கூப்பிட வேண்டியிருந்தது.

"மேல பாக்கவே இல்ல பங்காளி. சுத்தி எல்லாம் பாக்குது. காதைத் திருப்பித் திருப்பிக் கேக்குது. மேல ஒருத்தன் இருப்பான்னு மட்டும் அதுக்குத் தோணல" என்றாய்.

"நம்மளையும் அப்படித்தான். எவன் மேல பாக்குறான்?" என்றேன்.

"நீ எதுல கொண்டு போயி எதை முடியுற!" என்று திட்டினாய்.

அன்று மாலை அர்பாப் ஆளனுப்பி, சோற்றுக்கு மேல் மான்கறி வைத்த தட்டைக் கொடுத்தார். நீ மானுக்காக வருந்துவாய் என்று எதிர்பார்த்தேன். எலும்பைக்கூட விடவில்லை. "ஊர்ல மான்கறி தின்னா ஜெயிலு. இங்க தின்னா விருந்து. ஒழுங்காத் தின்னு" என்றாய்.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் போனோம். முந்தைய வருடம் கட்டிய பட்டைகள் கோடை முழுவதும் மரத்திலேயே கிடந்திருந்தன. இந்த ஊர்க் கோடையில் இரும்பே பொரியும், நாடா எம்மாத்திரம். அதை மாற்றத்தான் அனுப்பினார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ மேலே போனாய். இருக்கையில் காலை வைப்பதற்கு முன்னால் அதன் கைப்பிடிக் கம்பியில் கொக்கியை மாட்டினாய். 'டக்'கென்ற சத்தம் கீழே எனக்குக் கேட்டது. காலை வைத்தாய். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பட்டை போனது. இருக்கை விழுந்தது. நீயும் அதோடு விழுந்தாய்.

கொக்கி விடவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இருக்கை உன்மேல் கிடந்தது. உன்னைத் தூக்க வேண்டுமானால் கொக்கியைக் கழற்ற வேண்டும். நாடா முறுக்கிக்கொண்டு நின்றது. கொக்கியின் நாக்கு அசையவில்லை. கட்டைவிரல் தோல் கிழிய அழுத்தித் திறந்தேன். பிறகு ஓடிவந்த பண்ணை ஆட்களோடு சேர்ந்து உன்னை வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். அங்கே வந்த சேஃப்டி ஆபீசர் உன் இடுப்பில் பெல்ட்டையும் அதில் சும்மா தொங்கிய கொக்கியையும் பார்த்தார். "மாட்டவே இல்லை" என்று முடித்துவிட்டார்.

நான்தான் கழற்றினேன் என்றேன். தமிழில் சொன்னேன், இந்தியில் சொன்னேன், சைட் போர்டுகளைப் பார்த்து நானாகப் படித்துக்கொண்ட இங்கிலீஷிலும் சொன்னேன். கூட்டாளி அப்படித்தான் சொல்வான் என்றார்கள். கழற்றாமல் போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்று ஒருவன் கேட்டான். மனிதனைத் தூக்குவதா, போட்டோ எடுப்பதா? இன்றைக்கு அப்படி நடந்தாலும் கழற்றத்தான் செய்வேன்.

உன் உடலோடு நான்தான் ஊருக்குப் போனேன். காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, ஊரெல்லாம் ஒரு மாதிரிப் பேசுறாக. அவுக கவனமில்லாம ஏறுனாகளா?"

"இல்ல தங்கச்சி. மாட்டிட்டுத்தான் ஏறுனான். நான் பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அதற்கடுத்த பருவத்தில், பண்ணைக்குச் சாமான் இறக்கப் போனபோது ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரரைப் பார்த்தேன். மேலே போனதும் அவர் முதலில் மரத்தைச் சுற்றித் தலைக்கு மேலே ஒரு தனிப் பட்டையைக் கட்டினார். அதில் கொக்கியை மாட்டினார். பிறகுதான் இருக்கையில் காலை வைத்தார். அந்த இருக்கையை அவர் நம்பவே இல்லை.

அங்கேயே நின்றுவிட்டேன். நாம் சாரக்காரர்கள் பங்காளி. நிற்கிற சாரத்திலேயே கொக்கியையும் மாட்டுவோம். சாரம் தரையில் ஊன்றி, கட்டடத்தைப் பிடித்து நிற்கும். அது நமக்குக் கை பழகிய வேலை. தொங்குகிற இருக்கையைச் சாரம் என்று நினைத்தது உன் கை. அது வேறு என்று நம்மிடம் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. அதை நான் விடுவதாக இல்லை.

ஆனால் இதை யாரிடமும் சொன்னதில்லை. 'மாட்டியிருந்தான்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் வாய் திறந்தால், 'பார்த்தாயா, தப்பு அவன்மேல்தான்' என்று அதையும் உன் தலையில் கட்டுவார்கள்.

இன்று காலை மீட்டிங்கில் புது ஆபீசர் ஆரம்பித்தான். நாகர்கோவில்காரன். நல்ல பையன்தான், அதனால் என்ன? "கொக்கி மாட்டாத ஒரு ஆளு..." என்றான். எழுந்தேன்.

"மாட்டியிருந்தான் தம்பி."

"அண்ணே, இது ஒரு உதாரணத்துக்குச் சொல்லதாக்கும். ஆளு பேரையா சொன்னேன்?"

"பேரில்லாட்டி அவன் இல்லேன்னு ஆயிருமா?"

அவன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "சரி, மாட்டுனாருன்னே இருக்கட்டு. மாட்டியும் செத்தாருன்னு நான் இவனுவள்ட்ட சொன்னா, நாளைக்கு ஒருத்தன் மாட்டுவானா? நீங்களே சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. அப்போது முன்வரிசையில் குந்தியிருந்த பீகார்க்காரன் ஒருவன் கையைத் தூக்கினான். "சாச்சா, மாட்டியிருந்தா எப்படி விழுந்தாரு?" என்று இந்தியில் கேட்டான்.

கேட்க வேண்டிய கேள்வி அது. என்னை நம்பினால்தானே கேட்பார்கள்.

சொல்லிவிட்டேன் பங்காளி. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவன் இருக்கையில் மாட்டினான், மரத்தில் மாட்டியிருக்க வேண்டும். நல்ல சாரக்காரன், அதனால்தான் அங்கே மாட்டினான். கொக்கி விடவில்லை, கொக்கி பிடித்திருந்த இருக்கைதான் விழுந்தது. கொக்கியை எதில் மாட்டுகிறாயோ அது எதைப் பிடித்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு மாட்டு.

பீகார்க்காரன் தன் கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இத இவ்ளோ நாளு ஏன் சொல்லல அண்ணே?" என்றான் ஆபீசர்.

"யாரும் கேக்கல."

"நாளைக்கு நைட் ஷிப்ட்காரனுவளுக்கு இப்படியே சொல்லட்டா?"

"பேரச் சொல்லிச் சொல்லு."

"பேரென்ன?"

சொன்னேன். உன் அப்பா பேரையும் சேர்த்தே சொன்னேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாரம் இறங்கும் என்பார்கள், அதுவும் இல்லை. ஸ்டோருக்குத் திரும்பி டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. உன்னைக் காட்டிக்கொடுத்தேனா, காப்பாற்றினேனா என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை ஓடவில்லை. அந்தப் பையன் நாளை சரியாகச் சொல்கிறானா என்று போய் நிற்பேன். மாற்றிச் சொன்னால் மறுபடியும் எழுந்திருப்பேன்.

பிறகு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் கொடுப்பதற்கு முன்னால் கொக்கியை அழுத்தித் திறந்து காட்டினேன். புதுக் கொக்கி, விரல் பட்டதும் திறக்கிறது. என் கட்டைவிரல் மட்டும் தேவைக்கு மேல் அழுத்துகிறது. அன்று திறக்காமல் நின்றதே, அந்தக் கொக்கிக்கு வேண்டிய அழுத்தம் அது. அது கம்பியைக் கவ்வி மூடியிருந்தது பங்காளி. இந்த விரலுக்குத் தெரியும்.