பின்னாலிருந்து கூப்பிட்ட குரல்

இன்று தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடையில் மெழுகுவத்தி வாங்கிக் கையில் பிடித்ததும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கோபம் மட்டும் தீரவில்லை.

அன்று காலை உன் வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பி சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் முனை வரை போய்விட்டார். சுரங்கத்துக்குள் வெளிச்சத்துக்கு வேண்டிய மெழுகுவத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டார். "இன்னாங்க, வத்திய வுட்டுட்டுப் போறீங்களே!" என்று நீ பின்னாலிருந்து கூப்பிட்டாய். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வாங்கிப் போனார். நான் பக்கத்து வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் பாறை சரிந்து அவரும் இன்னும் இரண்டு பேரும் செத்தார்கள்.

சாவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாளாம், புருஷனை விழுங்கிவிட்டாளாம். சுரங்கத்தில் அதே ஆழத்து லெவலில் வேலை செய்த என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நின்று கத்தினார்: "ரெண்டு நாளா பாறையத் தாங்குற முட்டு மரம் வெடிச்சிருந்துச்சு. மேல சொன்னோம், மாத்தல. இதுல அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?" யார் காதில் வாங்கினார்கள்?

"அப்போ மத்த ரெண்டு பேரையும் யாரு கூப்ட்டாங்க?" என்று கேட்டேன். சுரங்க மேஸ்திரி வீட்டம்மா தயங்கவே இல்லை.

"இவ புருஷன்கூட நின்னாங்க இல்ல, அதான்" என்றாள்.

ஞாயிறு தவறாமல் என்னோடு சர்ச்சுக்கு வருகிறவள் அவள்! முட்டு மரம்தான் காரணம் என்றால் நாளை அவள் புருஷனும் சாகலாமே. நீதான் காரணம் என்றால், அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புருஷன் பத்திரம்.

அவளை விடு. நீ ஏன் நம்பினாய்? மரத்தில் விரிசல் எவ்வளவு இருந்தது என்று என் வீட்டுக்காரர் உன் எதிரில் உட்கார்ந்து விரலால் அளந்து காட்டினார். நீ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இத்துப்போன ஒரு கட்டைக்கா அவரு செத்தாரு? வேணாங்கா. நான் கூப்ட்டதாவே இருக்கட்டும்" என்றாய். ஆத்திரத்தில் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டாய், பாவி.

என் வீட்டுக்காரர் இன்னும் அதே சுரங்கத்தில்தான் இறங்குகிறார். தினமும் அவர் லைன் முனைக்குப் போகும் வரை காத்திருந்து, ஊருக்கே கேட்கும்படி "இன்னாங்க!" என்று கூப்பிடுகிறேன். அவர் திரும்பிக் கையாட்டுகிறார். மேஸ்திரி வீட்டம்மா கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஷிப்டு முடிந்து சங்கு ஊதும் வரை எனக்கும் வாசலை விட்டு நகர மனசு வருவதில்லைதான். அவர் வந்து தொப்பியைக் கழற்றியதும், பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுப் பக்கம் திரும்பிச் சொல்வேன்:

"பாத்தியாடி, வந்துட்டாரு."