முப்பத்தொரு ஸ்பாம் புகார்கள்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை நின்றதும் செம்பூரில் காற்றும் நின்றுவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, சத்தம் மட்டும் வருகிறது.

இன்றைய வேலை:
– சாகுல் பாய் தீபாவளி மெயில், 10 மணிக்கு
– புடவைக் கடை போட்டோக்கள் (மூன்றாம் முறையாகக் கேட்க வேண்டும்)
– கேஸ் சிலிண்டர் புக்கிங்
– பல் டாக்டர். நாளைக்குப் பார்க்கலாம்.

10.00. மெயில் போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு. சாகுல் பாயின் தாராவிப் பட்டறையில் தைத்த லேப்டாப் பை, பர்ஸ், ஃபைல். இந்த முறை போட்டோக்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. தோலின் மடிப்புகூடத் தெரிகிறது.

10.40. பாய் போன். "மேடம், போயிட்டா?" போய்விட்டது என்றேன். "அல்ஹம்துலில்லா. இங்க கால வைக்க எடமில்ல. வாசப்படி வரைக்கும் அடுக்கியாச்சு." போன தீபாவளிக்கு என் மெயிலில் வந்த ஆர்டரை நம்பி இந்த வருடம் முன்கூட்டியே தைத்து வைத்துவிட்டார். நான்தான் சொன்னேன், தையுங்கள் பாய், நான் இருக்கிறேன் என்று. ஆபீஸ்களில் யாருக்கு என்ன பரிசு என்று முடிவாவது இந்த வாரத்தோடு சரி. இன்று ஒன்று, வியாழன் நினைவூட்டல் ஒன்று. அவ்வளவுதான் திட்டம்.

4.20. கணக்கு முடக்கம்.

மெயில் அனுப்பித் தரும் கம்பெனியிலிருந்து நான்கு வரி. "உங்கள் மெயிலை ஸ்பாம் என்று பலர் புகார் செய்துள்ளனர். ஆய்வு முடியும்வரை எதுவும் அனுப்ப இயலாது." புகார்கள்: 31. ஆயிரத்துக்கு ஒன்று வந்தால் பொறுப்பார்கள். முப்பத்தொன்றா? இருநூறு பேருக்கு மேல் மெயில் இன்னும் போகவே இல்லை, பாதியில் நிற்கிறது. என் மூன்று வாடிக்கையாளர்களுக்கும் நான் மெயில் அனுப்புவது இந்த ஒரே கணக்கில்தான். பாய், புடவைக் கடை, பாட்டு வகுப்பு. மூன்றும் போச்சு.

கேஸ் புக்கிங் மறந்துவிட்டேன்.

அக். 7, செவ்வாய்

பால்காரன் வரவில்லை. கடுங்காப்பி. இன்று எல்லாமே கடுப்பு.

கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாக. ஒரு மணி நேரத்தில் பதில். "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் ஏமாற்றம் புரிகிறது. – டைலன்." எனக்கு என்ன ஏமாற்றம் என்று டைலனுக்கு எப்படிப் புரிந்தது? கீழே ஆறு கேள்விகள். முகவரிகள் எப்படிக் கிடைத்தன? ஒவ்வொருவரும் சம்மதித்ததற்கு என்ன ஆதாரம்?

ஆதாரம் இருக்கிறது. நான் லிஸ்ட் விலைக்கு வாங்குகிற ஜாதி இல்லை. நோட்டில் அவரவர் கைப்பட எழுதிக் கொடுத்த முகவரிகள். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "இனி வேண்டாம்" என்று ஒரு இணைப்பு வைக்கிறேன். பிடிக்காதவர்கள் அதை அழுத்தினால் நொடியில் பெயர் போய்விடும். நமக்கும் கெடுதல் இல்லை. ஸ்பாம் பொத்தான் அப்படி இல்லை. அது போலீஸில் புகார் கொடுப்பது. இது ஏன் ஒருத்தருக்கும் தெரியவில்லை?

மதியம் மறுபடி எழுதினேன். பதில்: "உங்கள் ஏமாற்றம் புரிகிறது. – எம்மா." டைலன் எங்கே போனான்?

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த இவர், ஷூவைக்கூடக் கழற்றவில்லை: "இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? வாட்ஸ்அப்ல அனுப்பிடேன்." குக்கர் வைக்கப் போய்விட்டேன். பேசியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பாய் போன், இரண்டு முறை. எடுக்கவில்லை. என்ன சொல்ல?

அக். 8, புதன்

மேகமூட்டம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

எம்மாவிடமிருந்து ஒரு உருப்படியான வரி: "புகார்களில் பெரும்பாலானவை ஆகஸ்டில் சேர்த்த முகவரிகளிலிருந்து."

ஆகஸ்டில் சேர்த்தது இரண்டே:
1. மாட்டுங்கா ஹாலில் இரண்டு நாள் விற்பனை. பாய் ஸ்டால் போட்டார், நான் நோட்டோடு நின்றேன். 214 பேர். எல்லாம் நம் மனிதர்கள்.
2. பாய் தன் கடையில் சேர்த்ததாகச் சொல்லிக் கொடுத்த 90 பேர்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டாவதுதான். அந்தத் தொண்ணூறில் பாதிக்குக் கம்பெனிப் பெயர், புனேகூட இருக்கிறது. புனேக்காரன் தாராவிக் கடைக்கு வந்து மெயில் முகவரி எழுதுவானா? யாரோ லிஸ்ட் விற்கிறவனிடம் வாங்கியிருக்கிறார். நாலு காசு கொடுத்தால் லட்சம் முகவரி தருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் விட்டிருக்கிறார்.

போன் செய்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பாய், ஆகஸ்ட்ல ஒரு லிஸ்ட் குடுத்தீங்களே, அத எங்க வாங்கினீங்க?"

"வாங்கவா? என்ன சொல்லுதிய மேடம்? கடைக்கு வந்தவங்க எழுதுனது."

"புனேலேர்ந்தா?"

"புனே பார்ட்டி மாசம் ஒருக்கா வாராவ. தோல் பாக்க."

"உண்மையைச் சொல்லிடுங்க பாய். யார்கிட்டயாவது காசு குடுத்து வாங்கியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. என் அக்கவுண்டே போயிடுத்து."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும். "இல்ல மேடம். வாங்கல" என்றார். வைத்துவிட்டார். நாளைக்கு மெயில் போகுமா என்றுகூடக் கேட்கவில்லை.

குற்ற உணர்ச்சிதான், பேச வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கோபத்தில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

அக். 9, வியாழன்

நினைவூட்டல் மெயில் போக வேண்டிய நாள். போகவில்லை.

இரண்டாம் மாடி சாரதா மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். நாற்பது வருடமாக மாட்டுங்கா பஜனை கோஷ்டியில் பாடுகிறவள். ஆகஸ்ட் விற்பனையில் பாதிப் பேரை ஸ்டாலுக்கு அழைத்து வந்ததே அவள்தான்.

"ஏண்டி ஹேமா, மொகம் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னேன். எல்லாரும் ஸ்பாம் என்று போட்டுவிட்டார்கள், கணக்கை மூடிவிட்டான், மூன்று நாளாக வேலை இல்லை.

"அடப் பாவமே! ஸ்பாம்னு போட்டா மூடிடுவானா?"

"ஆமாம் மாமி."

"எனக்கு அது தெரியாதேடி." கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நானும் அதைத்தானே அமுக்கினேன்."

எனக்கு முதலில் புரியவேயில்லை. எதற்கு என்று கேட்டேன்.

"அடியில 'வேண்டாம்'னு ஒண்ணு இருக்கே, அதை அமுக்கினா யாரு வேண்டாம்னான்னு உனக்குத் தெரியுமோன்னோ? சாரதா மாமி வேண்டாம்னுட்டாளேன்னு உனக்கு மனசு சங்கடப்படும். தெனம் படியில பாத்துக்கறோம். அதான் மேல இருக்கறதுல போட்டேன். அது சத்தம் போடாம போயிடும்னு எங்க கோஷ்டி அம்புஜம் சொன்னா. எல்லாரும் அப்படித்தான் செய்யறோம்."

"எல்லாரும்னா?"

"கோஷ்டி முழுக்க."

"அப்போ வேண்டாம்னா ஏன் மாமி நோட்டுல எழுதிக் கொடுத்தேள்?"

மாமிக்கே கோபம் வந்துவிட்டது. "நன்னாருக்கே! நீ பேனாவை நீட்டிண்டு எதிர்ல நிக்கறே. மூஞ்சியப் பாத்து மாட்டேன்னா சொல்ல முடியும்? தாட்சண்யத்துக்குக் கொடுத்தோம். எழுபத்திரண்டு வயசுல எனக்கெதுக்குடி லேப்டாப் பை?"

போய்விட்டாள். கறிவேப்பிலையை வைத்துவிட்டே போய்விட்டாள்.

நம்பாமல் நோட்டிலிருந்து ஐந்து பேருக்குப் போன் செய்தேன். ஒருத்தி எடுக்கவில்லை. ஒருவர் "நானா? சேச்சே" என்றார், குரலே சொன்னது. மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். ஒரு மாமா, "உன் மனசு நோகக்கூடாதுன்னு பண்ணினது, தப்பா எடுத்துக்காதே" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

ஐயோ. ஐயோ. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? மரியாதை பார்த்தே என் பிழைப்பைக் கெடுத்திருக்கிறார்கள்.

மதியம் இதையேதான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர்கள் மேல் வந்த கோபம் மெல்ல இறங்கி வேறு பக்கம் திரும்பியது. கைப்பட எழுதிக் கொடுத்தார்கள், கைப்பட எழுதிக் கொடுத்தார்கள் என்று டைலனிடமும் எம்மாவிடமும் எத்தனை முறை எழுதினேன். எழுத வைத்தது நான். புடவையைத் தழையக் கட்டிக்கொண்டு, சௌக்கியமா மாமி என்று கேட்டு, நோட்டை நீட்டி. ஒருத்தராவது பையைப் பார்த்து எழுதினார்களா? என்னைப் பார்த்து எழுதினார்கள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். 214 என்ற எண்ணிக்கை பிடித்திருந்தது, அதனால் பேசாமல் இருந்தேன்.

பாயின் தொண்ணூறை எடுத்துப் பார்த்தேன். நேற்றே பார்த்திருக்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து மூன்று மெயில் போயிருக்கிறது, தொண்ணூறில் அறுபது பேர் மூன்றையும் திறந்திருக்கிறார்கள். புனேக்காரர் ஒருவர் பதிலே போட்டிருக்கிறார், கறுப்பு நிறத்தில் உண்டா என்று. இரண்டு பேர் "இனி வேண்டாம்" அழுத்தி முறையாக விலகியிருக்கிறார்கள்.

இரண்டு லிஸ்ட் இருந்தது. ஒன்று என் மனிதர்கள், ஒன்று தாராவி. எது கெட்டது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் எழுதி வைக்கிறேன்.

பாய்க்குப் போன். எடுக்கவில்லை.

அக். 10, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

கம்பெனிக்கு உண்மையை எழுதினேன். ஐந்தே வரி. ஆகஸ்டில் நான் நேரில் கேட்டு வாங்கிய 214 முகவரிகள்தான் காரணம். அவர்கள் எழுதிக் கொடுத்தது என் முகத்துக்காக, மெயில் வேண்டும் என்று அல்ல. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் தவறு. 214ஐயும் அழித்துவிட்டேன். இனி நோட்டில் வாங்கும் பெயருக்கு முதலில் ஒரு மெயில் போகும், அதில் அவர்களே தனியாக இருந்து "சரி" என்று அழுத்தினால்தான் லிஸ்டில் சேரும்.

அனுப்பியதும் மனசு கொஞ்சம் லேசானது. பசித்தது. நேற்றுச் சோறு, மோர் மிளகாய்.

பாய்க்கு நாலு முறை போன். எடுக்கவில்லை. "நாளை நேரில் வருகிறேன்" என்று செய்தி போட்டேன். படித்ததற்கு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

பல் டாக்டர் மறுபடி தவறிவிட்டது.

அக். 11, சனி

9.15. கணக்கு திரும்பி வந்துவிட்டது! "உங்கள் விளக்கத்துக்கு நன்றி. முதல் மாதம் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் அனுப்பலாம்." கீழே பெயர் டைலன். அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

நேராகத் தாராவி. சயான் வரை பஸ், பிறகு நடை. வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை. முதலில் மன்னிப்பு, பிறகு நல்ல செய்தி. இன்று மதியமே ஆபீஸ் ஆர்டர்காரர்களுக்கு மட்டும் மெயில் அனுப்பிவிடலாம், திங்கட்கிழமை பார்ப்பார்கள், இன்னும் காலம் போய்விடவில்லை.

பட்டறையில் அடுக்கு குறைந்திருந்தது. பாதிதான் இருக்கும். புதன்கிழமையிலிருந்து பாயே இரண்டு பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறார். குதிகால் வெடித்துக் கட்டுப் போட்டிருந்தார்.

"வாங்க மேடம், இரிங்க" என்றார். டீ சொன்னார். முகத்தில் ஒன்றும் இல்லை.

சொன்னேன். ஸ்பாம் போட்டது உங்கள் ஆட்கள் இல்லை, என் ஆட்கள். தப்பு என்னுடையது. உங்களிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள். கணக்கு வந்துவிட்டது, இப்போதே மெயில் அனுப்பிவிடுகிறேன்.

எல்லாம் கேட்டார். டீ வந்தது, குடித்து முடித்தார்.

"நல்லதாப் போச்சு மேடம். உங்க அக்கவுண்டு வந்துட்டுல்லா, அது சந்தோசம்." டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு இனிம மெயில் வேண்டாம்."

"பாய், இந்தத் தடவை பாதி மீதி இருக்கே."

"கெடக்கட்டும். யாவாரத்துல ஏத்த எறக்கம் இருக்கத்தான் செய்யும், அதுக்குச் சொல்லல. இருவத்தாறு வருசமா இதே சந்துல தொழில் பண்ணுதேன். ஒருத்தன் என்னய அப்படிக் கேட்டதில்ல. நீங்க கேட்டிய. அன்னைக்குச் சோறு எறங்கல மேடம்."

நான் மறுபடி மன்னிப்பு என்று ஆரம்பித்தேன்.

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல. மனசுல ஒண்ண வச்சிக்கிட்டு, வாங்க மேடம் போங்க மேடம்னு நாளைக்கும் பேச எனக்கு வராது. அதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அந்தப் பேரெல்லாம் ஒரு தாள்ல எடுத்துக் குடுத்துருங்க. நானே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கிடுதேன்."

சரி பாய் என்றேன். சயான் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, கட்டுப் போட்ட காலோடு, பஸ் ஏற்றிவிட்டுப் போனார். பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் ஒரு மராட்டிக்காரி, "காய் ஜாலா?" என்றாள், என்ன ஆச்சு என்று. தலையை ஆட்டினேன்.

3.30. வீடு. பாயின் பெயர்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து உறையில் போட்டேன். திங்கட்கிழமை கூரியர்.

பிறகு கணக்கைத் திறந்தேன். ஐந்து நாள் போராடித் திரும்ப வாங்கிய கணக்கு. அதில் முதல் வேலையாக சாகுல் பாய் லிஸ்டைத் தேர்ந்தெடுத்து, அழி என்று கொடுத்தேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆம்.