லட்டுவைக் கடலில் விட்டது

பிப்ரவரி 4, செவ்வாய்

அடுத்த பிளாக்கில் சம்பந்தம் வீட்டுக்கு வனத்துறை ஆட்கள் வந்தார்கள். அவர் வளர்த்த இரண்டு நட்சத்திர ஆமைகளையும் எடுத்துக்கொண்டு, அவரையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மாலையில் திரும்பிவிட்டார். வீட்டில் வளர்ப்பதே குற்றமாம், கேஸ் உண்டாம்.

எங்கள் பால்கனியிலும் ஒன்று இருக்கிறது. வடக்கு மூலையில் ஆமை இருந்தால் வீடு விருத்தியாகும் என்று யாரோ சொல்ல, மூன்று வருஷம் முன்பு மகன் சாய்குமார் வாங்கி வந்தது. பேத்தி சாஹித்யா அதற்கு லட்டு என்று பெயர் வைத்தாள். எட்டு வயசு. இந்தத் தெலுங்கு ஊரில் பிறந்தவள், வாயில் பாதி தெலுங்கு. பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் எங்களிடம் சொல்வதில்லை, அதனிடம்தான்.

இரவில் பால்கனித் திரையை இழுத்து மூடினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சாய்குமாரிடம் பேச்செடுத்தேன். லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இந்த ஊர் உருதுப் பேச்சு ஒட்டிக்கொண்டவன், எதற்கு என்பதற்குக் கைக்கு என்பான். "கைக்கு டென்ஷன்ப்பா? அனந்தகிருஷ்ணன் மாமா சதாபிஷேகத்துக்கு வைசாக் போறீங்கல்ல? அப்படியே கடல்ல விட்டுட்டு வந்துடுங்க. ஆமைதானே, நீஞ்சிக்கும்."

நீந்துமா? இதன் கால்கள் தூண் மாதிரி இருக்கின்றன. நான் எம்.எஸ்ஸி. படித்தவன், இது தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் - எதற்குக் கேட்கிறீர்கள் என்பார்கள். போனில் தேடலாம் - தேடியது எங்காவது பதிவானால்?

பிப்ரவரி 9, ஞாயிறு

வழி கிடைத்தது. வைசாக் கடற்கரையில் கடலாமை மீட்பு மையம் ஒன்று இருக்கிறதாம், குழந்தைகளுக்கு விளக்கமும் சொல்வார்களாம். சாஹித்யாவும் வர ஆசைப்படுகிறாள். விவரம் தெரிந்தவர்களிடமே லட்டுவை ஒப்படைத்துவிடுவது. கடலில் விடுவதல்ல. இதுதான் சரி.

மருமகள் சுப்ரியா திங்கட்கிழமைக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தாள். லட்டுவுக்கு அங்கே நிறைய சிநேகிதர்கள் இருப்பார்கள் என்று சாஹித்யாவிடம் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு ஒப்புக்கொண்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி. ரயிலில்

போலீஸ்காரர் கடக்கும்போதெல்லாம், லட்டு இருக்கும் சாப்பாட்டுக் கூடையின் மேல் என் துண்டைப் போடுகிறேன். சாஹித்யா சிரிக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒன்பது மணிக்கு மையத்துக்குப் போனோம். கேட்டருகே வனத்துறை ஜீப். பக்கத்தில் காக்கி உடுப்பில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கால் நின்றுவிட்டது. முதலில் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இவளைத் திருப்பிக் கூட்டிப்போனேன்.

ஈர மணலில் லட்டுவை இறக்கினேன். அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தது. திருப்பி வைத்தேன். மறுபடியும் மேட்டுக்கே. சாஹித்யா என் சட்டையைப் பிடித்தாள். "ஒத்து தாத்தா, தானிக்கி இஷ்டம் லேது." வேண்டாம், அதற்குப் பிடிக்கவில்லை என்கிறாள். எட்டு வயசுக் குழந்தைக்குத் தெரிந்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் தண்ணீர் வரை தூக்கிப் போய் விட்டேன். ஒரு அலை வந்தது. அப்புறம் காணவில்லை.

நீந்திப் போய்விட்டது என்றேன்.

வெறுங்கூடையோடு மையத்துக்குள் போக எந்தப் பயமும் இல்லை. டிக்கெட் வாங்கினேன். வலையில் சிக்கித் துடுப்பு அறுந்த கடலாமை ஒன்று தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து இறக்கத்தான் ஜீப் வந்ததாம். மைதிலி என்ற பெண் குழந்தைகளை உட்காரவைத்து விளக்கினாள். கடலாமைக்குத் துடுப்பு, தரையாமைக்குக் கால். சாஹித்யா கை தூக்கி, கால் இருப்பதைக் கடலில் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

மூழ்கிவிடும், கண்ணம்மா, என்றாள் அந்தப் பெண். புண்ணியம் என்று நினைத்துச் சிலர் அப்படி விட்டுவிடுகிறார்கள். யார் வீட்டிலாவது இருந்தால் இங்கே கொண்டுவாருங்கள், பெயர்கூடக் கேட்க மாட்டோம். பிறகு இவளைப் பார்த்துச் சிரித்து, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்றாள்.

சாஹித்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"லேது," என்றாள். இல்லை.

வெளியே வந்ததும் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவினேன். படகடியில் இருந்த மீனவர்கள் வந்து எதைத் தேடுகிறீர்கள் என்றார்கள். கண்ணாடி விழுந்துவிட்டது என்றேன். ஒருவர், உங்கள் மூக்கு மேலேயே இருக்கிறதே பெரியவரே என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே. அவங்க இறங்கித் தேடியிருப்பாங்களே. நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சேன்டா பாவி.

மேட்டில் நின்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீடு வந்து சேர்ந்தோம். சாய்குமார் கேட்டான், "என்ன, லட்டு ஜம்முனு போச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள் சாஹித்யா முந்திக்கொண்டாள். "ஹவ், பப்பா. ஆமா, ஃபாஸ்ட்டா போச்சு." வழக்கத்தில் அப்பாவிடம் தமிழில் பேசுகிறவள் அல்ல.

பால்கனியில் கீரைத் தண்டு காய்ந்து கிடந்தது. சுப்ரியா பெருக்கித் தள்ளினாள்.

பிப்ரவரி 20

சாஹித்யா என்னோடு பேசுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பிடும்போது ஆரம்பித்தேன்: "சாயி, அந்த ஆமை விஷயம்-"

மேஜைக்கு அடியில் ஒரு சின்னக் கால் என் காலை மிதித்தது. அழுத்தமாக. நிமிர்ந்து பார்த்தேன். இவள் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "தாத்தாவுக்கு லட்டு ஞாபகம்," என்றாள் அம்மாவிடம். சுப்ரியா, பாவம் மாமா என்றாள்.

படுக்கப் போகுமுன் சாஹித்யா என் அறை வாசலில் வந்து நின்றாள். "சொன்னா உங்களைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க," என்றாள். இல்லை கண்ணு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பிடிக்க மாட்டார்கள் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியுமா? அவளே என் அறை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 1

ஒன்றுமில்லை. பிரஷர் மாத்திரை வாங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

சுப்ரியாவின் சிநேகிதிகள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். சாஹித்யாவைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள். லட்டுவைக் கடலில் விட்ட கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்கிறது. இன்று பெரிய அலை வந்தது. லட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. பிள்ளைகள், அப்புறம், அப்புறம் என்றார்கள்.

என் பக்கம் திரும்பினாள். "நுவ்வு செப்பு, தாத்தா." நீ சொல்லு என்கிறாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மீதியை நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.