டூஃபன் ஊதிய பலூன்

இபாடான்

டூஃபனின் அப்பாவுக்கு,

நீங்களும் மகளும் அத்தையும் சுகந்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் வார்டில் கான்மி என்று ஒரு பையன். நம் மகள் டூஃபனுக்கு இருக்கும் அதே அரிவாள் செல் ரத்த நோய், இவனுக்கு நுரையீரலையும் தாக்கிவிட்டது. மருந்து, ரத்தம் எல்லாம் ஏற்றியாயிற்று, மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஆனால் நெஞ்சு வலிக்குப் பயந்து மூச்சை இழுத்து விடவே மாட்டேன் என்கிறான். அப்படியே கிடந்தால் நுரையீரல் இன்னும் அடைத்துக்கொள்ளும். வலி மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், ஊதினால் மூச்சை ஆழமாக இழுப்பான் என்று ஒரு பலூனை நீட்டினேன். அவன் அம்மா பாய்ந்துவிட்டாள்.

"புள்ள உசுருக்குப் போராடுறான், உனக்குத் திருவிழா கேக்குதா சிஸ்டர்? பெத்திருந்தா தெரியும்!"

"பெத்திருக்கேன் அக்கா. அவளுக்கும் இதே நோய்தான். தினமும் ஊதுறா."

அந்த அம்மா பலூனை வாங்கித் தானே ஊதினாள். கன்னந்தான் உப்பியது.

"அம்மா, உனக்கு ஊதவே தெரியல, இங்க குடு!" என்று கான்மி பிடுங்கிக்கொண்டான். மூச்சு சீராகி, இன்று மூக்குக் குழாயை எடுத்துவிட்டோம்.

நம் மக்குர்டியிலிருந்து இங்கே வரும் பஸ் டிரைவரிடம் கொஞ்சம் வறுத்த எள்ளும் மிளகாய்ப்பொடியும் கொடுத்துவிடுங்கள். கூடவே டூஃபன் ஊதிய பலூன் ஒன்று, வாயை இறுக்கிக் கட்டி. கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன். பலூன் வழியில் சுருங்கினாலும் பரவாயில்லை. அவள் மூச்சு கொஞ்சம் வந்து சேர்ந்தால் போதும் எனக்கு.

உங்கள்
ங்குவான்