உன் ஆம்ப் ஊமையாகிப்போனது

சொன்ன பேச்சு கேட்காத என் தம்பி சேகருக்கு,

ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லைடா. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வாசல் கேட்டைப் பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். அந்தப் பாழாய்ப்போன டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து எனக்கு இப்படித்தான். ஃபேக்டரியில் சூப்பர்வைசர்கூடக் கேட்டுவிட்டாள், "தனம், ஒன் நாக்காலியில முள்ளா இருக்கு?" என்று.

அதனால் இது கோர்வையாக வராது. பொறுத்துக்கொள். உன்னிடம் இரண்டு சேதி சொல்ல வேண்டும். உன் ஆம்ப் ஊமையாகிப்போனது. அப்புறம், மலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உனக்கென்று நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்த அதே மலருக்குத்தான். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

கிட்டார் ஆம்ப் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது அம்மா. நீ போன பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம், நீ வேலை விட்டு வந்து வாசிக்க உட்காரும் நேரத்துக்குப் போய் ஆம்ப் சுவிட்சைத் தட்டிவிடுவாள். கிட்டார் கிடையாது, வயர் கிடையாது, வெறும் ஆம்ப். சிவப்பு விளக்கு எரியும். பின்பக்கம் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து வரும். அப்புறம் அந்த 'ம்ம்ம்' என்கிற இரைச்சல் கிளம்பும். "இந்த ஹம்ம ஒழிக்க முடியலையே" என்று நீ திட்டிக்கொண்டே இருப்பாயே, அதேதான். அது வந்ததும் அம்மா பக்கத்தில் பாயை விரித்துக் கீரை ஆய்வாள், துணி மடிப்பாள், சில நாள் சும்மாவே உட்கார்ந்திருப்பாள். நான் தடுக்கவில்லை.

ஒருநாள் காலை ஷிப்ட் முடித்து வருகிறேன். அம்மா கேட்டிலேயே நிற்கிறாள்.

"தனம், பொட்டி மூச்சு வுடல."

"என்னம்மா?"

"வெளக்கு எரியிது. பல்பெல்லாம் செவந்துருக்கு. ஆனா மூச்சு இல்ல. வந்து பாரு."

ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். காதை ஸ்பீக்கர் துணியில் வைத்து அழுத்தினேன். ஒன்றுமே இல்லை, இரைச்சல்கூட இல்லை. உன் கிட்டாரை எடுத்து மாட்டித் தட்டினேன். கம்பியின் சொந்தச் சத்தம்தான் கேட்டது. வயரை மாற்றினேன். எல்லா வால்யூமையும் முழுக்கத் திருப்பினேன். அம்மா என் பின்னாலேயே நின்று, ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்த்த மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

நாளெல்லாம் சர்க்கிட் போர்டுகளைப் பார்த்துப் பிழைக்கிறவள்தான் நான். ஆனால் எங்கள் லைனில் வருவது எறும்பு அளவு சாமான்கள். உன் வால்வு ஒவ்வொன்றும் கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது. எங்கே தொடுவது, எங்கே தொடக்கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் மலாய்க்கார டெக்னிஷியன் ரோஸ்லியிடம் கேட்டேன். அவன் அப்பா காலத்து ரேடியோக்களைக் கழற்றி விளையாடி வளர்ந்தவன்.

"காக், பவரு ஆஃப் பண்ணிட்டாலும் ஒடனே கை வெக்காத. உள்ள கரண்டு நிக்கும். ஆள அடிச்சிடும்" என்றான். அக்காவை மட்டும் மலாயில் 'காக்' என்பான், மற்றபடி நம்மோடு சேர்ந்து சேர்ந்து அவன் தமிழ் இப்போது என் தமிழைவிட நன்றாக இருக்கிறது. "மொதல்ல ஸ்பீக்கர் உயிரோட இருக்கான்னு பாரு. டார்ச்லைட் பேட்டரி போதும்."

அப்படியே செய்தேன். ஸ்பீக்கர் வயரைத் தனியாகக் கழற்றி, பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டேன். 'டப்' என்றது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "வந்துருச்சா?" என்றாள். இல்லைம்மா, ஸ்பீக்கர் மட்டும்தான் நல்லாயிருக்கு என்றேன். போய்விட்டாள். நான் சும்மா ஒரு தடவை மறுபடி தொட்டுப் பார்த்தேன். டப்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மலர் வந்தாள்.

மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்திருந்தாள். கையில் பத்திரிகை, தட்டு, பழம். வாசலில் நின்று பழக்க தோஷத்தில் "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டாள். அம்மா அவளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது.

நான்தான் உட்காரச் சொன்னேன். மலர் இளைத்துப்போயிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அக்கா, கல்யாணத்துக்கு டேவான் மண்டபத்துல நம்ம பாட்டுக் குழுதான் வாசிக்கிது. நான் ஒரு பாட்டுப் பாடணும். சேகரும் நானும் பழகுனது, கடைசி வரைக்கும் மேடையேத்தாம போனது. சேகர் எடத்துல தியாகு அண்ணன் கிட்டார் வாசிக்கிறேன்னுட்டாரு. ஆனா சேகர் ஆம்ப்புல வாசிச்சாதான் எனக்குப் பாட வரும்."

"ஒன் மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"எல்லாம் சொல்லிட்டேன்க்கா. அவருதான், போயி மொறையா கேட்டுட்டு வான்னு அனுப்புனாரு."

ஆம்ப் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். உண்மைதானே? ஆனால் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று லேசானதுடா. நல்லவேளை, இல்லையென்று நான் சொல்ல வேண்டாம், ஆம்ப்பே சொல்லிவிட்டது என்று தோன்றியது. மலர் எழுந்து போய் அதன் மேல் கையை வைத்தாள். "சரிலா அக்கா, பரவால்ல" என்றாள். அவள் கண் கலங்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. அவள் மோட்டார் முனை திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஸ்குரூடிரைவரைத் தேடினேன். யாருக்காகத் தேடினேன்? அம்மாவுக்கா, மலருக்கா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் ரோஸ்லியே வீட்டுக்கு வந்தான். பின்பலகையைக் கழற்றி, உள்ளே தங்கியிருந்த கரண்டை ஒரு வயர் வைத்து வடித்தான். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் போகாமலிருக்க, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தான். வெளியில் இருக்கும் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. அதனால்தான் விளக்கு எரிந்தது. உள்ளே இன்னொரு சின்ன ஃபியூஸ் இருந்தது. அது கரிக்கட்டையாகக் கருகியிருந்தது. புதிது போட்டோம். சுவிட்சைத் தட்டியதும் 'படக்', அதுவும் போனது. அப்போது அங்கே வந்திருந்த தியாகு, "சிகரெட் டப்பா ஜிகினாத்தாளு சுத்திடலாம்லா" என்றான். ரோஸ்லி அவனை முறைத்தான். "அப்பறம் வீடு எரியும், பரவால்லையா?"

பெரிய வால்வு இரண்டையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஃபியூஸ் போட்டோம். இந்தத் தடவை நின்றது. ஆக, கோளாறு அந்த வால்வில்தான். தினமும் சும்மா எரிந்து எரிந்தே தேய்ந்து, உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?" என்றாள். ரோஸ்லி சட்டென்று, "இல்ல மாக்சிக், வயசாச்சி அதுக்கு" என்றான், சொந்தப் பெரியம்மாவிடம் சொல்வது மாதிரி. நல்ல பிள்ளை.

வால்வு எங்கே கிடைக்கும்? மலாக்கா டவுனில் எலெக்ட்ரிக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். ஒரு கடை முதலாளி, சீனத் தவுக்கே, சிரித்தே விட்டார். "இப்ப எல்லாம் டிரான்சிஸ்டர் லா, அம்மா." வேலை முடிந்து கடை, கடை முடிந்து வீடு, வீட்டில் அம்மாவின் முகம். கல்யாண நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி படுத்தால் புரண்டுகொண்டே இருப்பேன்.

அப்புறம்தான் டுரியான் துங்கால் தோட்டத்துக் கோயில் மைக் செட் ஞாபகம் வந்தது. திருவிழாவுக்குத் தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலறவிடுவார்களே, அந்தப் பழைய செட். அதுவும் வால்வு செட்தானே? மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். கோயில் பின்னால் கொட்டகையில் குடைகளுக்கும் பந்தல் துணிக்கும் அடியில் கிடந்தது. மூடியைத் திறந்து தூசியைத் துடைத்துப் பார்த்தேன். வால்வுகளின் மேல் அதே எழுத்து, அதே எண்.

கோயில் தலைவர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கும்மா?"

"சேகரு ஆம்ப்புக்கு மாமா. ஒரு கல்யாணத்துல வாசிக்கணும்."

"யாரு கல்யாணம்?"

மலர் பேரைச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உன் காரியத்தை முன்னால் நின்று நடத்தியவர் அவர்தானே.

"ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எடுத்துக்கிட்டுப் போ. அந்த செட்டு இனிமே ஓடப்போறதில்ல. ஆனா அவகிட்ட சொல்லாம மாட்டாத. வீட்டுக்குத் திருட்டுத்தனமா வெளிச்சம் வரக்கூடாது."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். வால்வுகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா வெடித்தாள். நீ அவளை அப்படிப் பார்த்திருக்க மாட்டாய்.

"அவ வேறொருத்தன கட்டிக்கிறா. கட்டிக்கட்டும். நான் வேணாங்கல. அதுக்கு எம் புள்ள பொட்டி வேணுமா? எனக்குன்னு அந்தச் சத்தம் ஒண்ணுதான்டி இருக்கு!"

"ஒரு நாளைக்குத்தாம்மா."

"ஒரு வாரக் காச்சலுன்னுதான் அவனையும் கூட்டிக்கிட்டுப் போனீங்க."

துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். மாட்டுவதும் வேண்டாமென்பதும் உன் இஷ்டம் என்றேன். விமானம் ஒன்று கூரைக்கு மேலே தாழப் பறந்துபோனது. அது அடங்கியதும் துண்டைப் பிரித்து வால்வைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "அந்த மலாய்க்காரப் பையன் எப்ப வருவான்?"

ரோஸ்லி வந்து மாட்டினான். மீட்டரை வைத்து ஒரு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்தான். வால்வு சிவந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முதலில் ஒரு கரகரப்பு. அப்புறம் அந்த இரைச்சல் எழுந்து அறையை நிறைத்தது. அம்மா பாயை விரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு, ஏதோ கடைக்குப் போகிற விஷயம் மாதிரிச் சொன்னாள்.

"போவட்டும். ஆனா தனியாப் போவாது. நானும் கூட வருவேன்."

வந்தாள்டா. குழுவின் வேனில் ஏறி, ஆம்ப்பைக் கால்களுக்கு நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு மெர்லிமாவ் வரைக்கும் வந்தாள். டேவானில் விருந்தாளிகளோடு உட்காரவில்லை. மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு ஆம்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பந்தியில் பெண்கள் குசுகுசுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

மலர் மாலையோடு மைக்கைப் பிடித்தாள். தியாகு உன் மாதிரி வாசிப்பான் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் சத்தம் உன் சத்தம். முதல் சரணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். குரல் நின்றுவிட்டது. தியாகு அதே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கிறான், பாட்டு வரவில்லை. டேவான் முழுக்க அவளையே பார்க்கிறது. மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழாமலே, தோட்டத்து வெளிக்காட்டில் தூரத்து ஆளைக் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

"பாடும்மா. நாந்தான் இருக்கேன்ல."

மலர் பாடினாள். கடைசி வரைக்கும் பாடினாள். முடிந்ததும் இறங்கிவந்து அம்மா காலில் விழப்போனாள். அம்மா தடுத்து, அவள் மாலையில் சிக்கியிருந்த முடியை எடுத்துவிட்டு, "நல்லாரு" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அவளே திரும்பி ஆம்ப் சுவிட்சை அணைத்தாள். மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தியாகுவோடு சேர்ந்து அதை வேனுக்குத் தூக்கிப்போனார். நல்ல மனுஷன்தான் தம்பி. உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை, அதனால் சொல்கிறேன்.

இதோடு முடியவில்லை. வேனில் வரும்போதே அம்மா தியாகுவிடம் கேட்டாள், "அடுத்த கல்யாணம் எங்க?" இப்போது ஆம்ப் குழுவோடுதான் போகிறது, அம்மாவும் கூடப் போகிறாள். பையன்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறாள். சத்தம் கூடினால் தியாகுவை அதட்டுகிறாளாம். இன்றும் போயிருக்கிறாள்.

அதனால் இந்தச் சாயங்காலம் வீட்டில் நான் மட்டும்தான். அம்மா இல்லை, இரைச்சல் இல்லை. ஆம்ப் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் சதுரமாகத் தெரிகிறது. இத்தனை நாள் ஸ்குரூடிரைவரும் மீட்டரும் மோட்டாருமாக ஓடியதில் எனக்கு அழ நேரமே இருக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. நீ இல்லை என்பதை இன்றைக்குத்தான் கேட்கிறேன், சேகர். எவ்வளவு சத்தமாக இருக்கிறது தெரியுமா?

ஓடிக்கொண்டே இருக்க மாட்டேன்டா, சத்தியம். இந்தப் பேனாவை வைத்துவிட்டு, எந்த வேலையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், அம்மா வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன். வருகிற அழுகை வரட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த
உன் அக்கா,
தனம்
பத்து பெரண்டாம், மலாக்கா