உன் கார் சக்கரங்களுக்கு என்ன பூச்சு

இன்று காலை பக்கத்துப் பட்டறையில் யாரோ பெயின்ட் ஹார்ட்னர் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாடை சுவரைத் தாண்டி வந்ததும் எனக்கு நெஞ்சு இறுகிக்கொண்டது. இப்போதெல்லாம் முதலில் இருமல் வருகிறது, பிறகு உன் ஞாபகம்.

கள்ளக்குறிச்சியில் நாம் இருவரும் சேர்ந்து போட்ட கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. கல்வராயன் மலைக்கு வண்டிகள் ஓடும்வரை அலாய் வீலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் நமக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வெள்ளிமலைச் சாலையின் கற்கள் விளிம்பைக் கடித்துத் துப்பிய சக்கரங்கள் எத்தனை வந்தன! வருகிறவர்களிடம் நான் பவுடர் கோட்டிங் போடச் சொல்வேன். தூளைத் தூவி அடுப்பில் சுட்டெடுப்பது, மங்கல்தான், ஆனால் கல்லடி தாங்கும். நீ குறுக்கே புகுந்து, கண்ணாடிபோல மின்னும் கருப்பைக் காட்டுவாய். ஆளும் அங்கேயே சாய்ந்துவிடுவான். சேலத்துக்கு அனுப்பிச் சுட்டுவரும் மங்கலுக்கு யார் காத்திருப்பார்கள்?

அந்த மினுக்கு கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பூச்சில், கிளியரில் இருந்தது. கிளியர் கெட்டிப்பட ஹார்ட்னர் கலக்க வேண்டும். அதை அடிக்கும்போது நாம் மூக்கில் கட்டியது ஈரத்துண்டு. அடித்து முடித்ததும் ஆளுக்கொரு கட்டி வெல்லம். ரைஸ் மில்லில் தூசி தின்றவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். உள்ளே போன பெயின்டையும் அது வழித்து இறக்கிவிடும் என்று கரும்பு விளையும் ஊர்க்காரர்களான நாமும் நம்பினோம். முகமூடி வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"வெல்லம் இருக்கசொல்ல மாஸ்க் இன்னாத்துக்குடா?" என்றாய்.

வெல்லம் வயிற்றுக்குப் போனது, நஞ்சு நுரையீரலுக்குப் போனது. இரண்டும் வேறு வேறு வழி என்று பாண்டிச்சேரி டாக்டர் படம் வரைந்து காட்டியபோது நீ மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தாய். படுத்தால் மூச்சு வராமல் உட்கார்ந்தே தூங்கினாய், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாய். அந்தப் படத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அவ்வளவு சுலபமான படம் அது.

போன மாதம் அதே டாக்டர் என் நெஞ்சையும் பார்த்தார். இனியும் கிளியர் அடித்தால் உனக்கு வந்ததுதான் எனக்கும் என்றார். கடையில் மினுக்கு வேலையை நிறுத்தினேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

அப்புறம்தான் உன் மனைவி செல்வி வந்தாள். உன் காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். வடக்கனந்தலிலிருந்து மலைக்கு இப்போது அவள்தான் வாடகைக்கு ஓட்டுகிறாள். நீ அடித்த கருப்பு நான்கு சக்கரத்திலும் செதில் செதிலாக உரிந்திருந்தது. எந்த நிறம், எந்தப் பூச்சு என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"அவரு அடிச்ச மாரியே அடிச்சிக் குடுங்கண்ணா. அவரு வேல ரோட்ல ஓடிக்கினு இருக்கட்டும்."

இதற்கு எப்படி முடியாது என்பேன்? கிளியரை எடுத்துவைத்து ஹார்ட்னர் மூடியைத் திருகினேன். அவ்வளவுதான், இருமல் பிடித்து உலுக்கிவிட்டது. அதே இருமலை வெறும் சளி என்று நீ சொல்ல, நம்பியிருந்தவள் அவள். டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"உங்க வூட்ல தெரியுமாண்ணா?"

நான் துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவரும் டாக்டர்கிட்ட போனத எங்கிட்ட மறச்சிட்டாரு. எனக்கு மங்கலே போதும்ணா. நீங்க போயி மொதல்ல வூட்ல சொல்லுங்க."

சக்கரங்களைச் சேலத்துக்கு அனுப்பினேன். சாம்பல் நிறத்தில் வந்தன. அவற்றை மாட்டிக்கொண்டு அவள் மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

செல்வி அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. உன் நோய் செல்விக்கு எப்போது தெரிந்தது என்றுதான் கேட்டாள். நீ படுத்த பிறகுதான் என்றேன்.

"அப்ப நமக்கு அவங்களவிட ஜாஸ்தி நாள் இருக்கு இல்ல?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் தினமும் கடையைத் திறக்கிறேன். இதைக் கேட்க செல்விக்கு நீ ஒரு நாள்கூட விட்டுவைக்கவில்லையேடா.