விட்பி ரஞ்சிக்கு வந்த குரல்

இந்தப் புதுப் போனின் முகத்தில் ஒட்டியிருக்கிற மெல்லிய தாளை நான் இன்னும் உரிக்கவில்லை. மூன்று நாளாகிவிட்டது. பெட்டியைத் திறந்தவுடன் வருகிற அந்த மணம், உனக்குப் பிடித்த மணம், இன்னும் மேசையில் நிற்கிறது. உரிப்பது எப்போதும் உன் வேலை. என் போனைக்கூட நீதான் உரிப்பாய். "நீ விடு, நகத்தால கீறிப்போடுவாய்" என்று என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு மூலையைத் தூக்கி மெல்ல மெல்ல இழுப்பாய். தாள் முழுதாக வந்துவிட்டால் அன்றைக்கு உன்னைப் பிடிக்க முடியாது.

உன் போன் எப்போதும் என்னுடையதை விட நல்லது. அதை எழுதாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். இருவருக்கும் இரண்டு வருடப் போன் ஒப்பந்தம் ஒரே மாதத்தில்தான் முடியும், ஒரே கடைக்குத்தான் போவோம். நீ அந்த வருடத்து மொடலைக் கேட்பாய். நான் போன வருடத்து மொடலோடு வெளியே வருவேன். பிறந்தநாள் வீடுகளில் எல்லோரும் உன்னைத்தான் படம் எடுக்கச் சொல்வார்கள், என் போன் கைப்பைக்குள்ளேயே கிடக்கும். எனக்குப் பொறாமைதான். ஆனால் அது வாயால் சொல்லிச் சிரிக்கக்கூடிய சின்னப் பொறாமை. சிரிக்க முடியாத பொறாமை ஒன்று விட்பியில் குடியிருந்தது.

உன் போனில் இரண்டு ரஞ்சிகள். நான் 'ரஞ்சி ரூஜ்'. அவள் 'ரஞ்சி விட்பி'. ரூஜ் நான் இருக்கிற இடம், விட்பி அவள் பிறகு போன ஊர். இந்த ஊரில் நம்மவர்களின் போன்கள் எல்லாமே அப்படித்தான், 'சிவா வான்', 'சிவா கோயில்', 'யோகா தையல்' என்று பெயருக்குப் பின்னால் ஒரு வால் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் நான் பன்னிரண்டு வருடம் வால் இல்லாத ரஞ்சியாக இருந்தவள். மருந்துக் குளிசைகளைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்றோமே, நீ மூடி போட்டாய், நான் லேபல்களை வாசித்துச் சரிபார்த்தேன். அந்தக் காலத்து ரஞ்சி நான். பிறகு நீ வேறு வேலைக்குப் போனாய், அங்கே அவள் இருந்தாள். ஒருநாள் நான் உனக்கு அழைத்தபோது உன் திரையில் 'ரஞ்சி ரூஜ்' என்று விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"பிறகு வந்தவளுக்கு மட்டும் போட்டாக் காணாதே? எனக்கேன்?" என்று கேட்டேன்.

"எடி விசரி, ரெண்டு பேருக்கும் போட்டாத்தானே பிழைக்காது" என்றாய்.

அவள் விட்பியில் புது வீடு வாங்கிப் போன பிறகு நிலைமை இன்னும் மோசமானது. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நெரிசலைப் பாராமல் அவ்வளவு தூரம் கார் ஓடிக்கொண்டு அவளிடம் போவாய். பத்து நிமிடத்தில் இருக்கிற என்னிடம் வர உனக்கு அலுவல் கூடிப்போய்விடும். வந்தாலும் அவளின் குசினியைப் பற்றித்தான் கதை. அவளின் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை கதவு என்று எனக்கு மனப்பாடம். அந்த வீட்டுக்குள் நான் ஒரு தரம்கூடக் கால் வைத்ததில்லை. அவள் கூப்பிடாமல் இல்லை, நான் போகவில்லை.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் மரக்கறிக் கடை வாசலில் காருக்குள் இருந்தேன். உன்னிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது, நாற்பது விநாடி. நீ செய்தி பேசி அனுப்புகிற ஆளே இல்லை, எப்போதும் அழைத்துத்தான் கதைப்பாய். என்னவோ ஏதோவென்று உடனே கேட்டேன்.

"ரஞ்சி, கேக்குதே? சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் கடைக்குப் போவம், வா. ரூஜ் ரஞ்சிக்குச் சொல்லிப்போடாதை. அவள் வந்தாளெண்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொன்ராக்ற் முழுக்க இருந்து வாசிப்பாள். கடைப் பெட்டை கொட்டாவி விடுவாள், இவள் விடமாட்டாள். 'இதென்ன பிள்ளை, இந்தச் சின்ன எழுத்தில கிடக்கிறது?' எண்டு கேப்பாள். அது வேண்டாம் இது வேண்டாமெண்டு எல்லாத்தையும் வெட்டுவிச்சு, கடைசியில என்ரை நல்ல போனையும் வெட்டுவிச்சு, பழசோடையே என்னை வீட்டை கூட்டிக்கொண்டு வந்திடுவாள். இந்த முறை ஒருக்கா ஆசைக்கு எடுப்பமடி. சரி, வைக்கிறன்."

'இதென்ன பிள்ளை' என்ற இடத்தில் என் குரலை அப்படியே எடுத்துப் பேசிக் காட்டியிருந்தாய். பிறகு உன் சிரிப்பு.

அந்த நிமிடமே உனக்கு அழைத்து "எடியே, பிழையான ரஞ்சிக்கு அனுப்பிப்போட்டாய்" என்று சொல்லியிருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நான் சொல்லவில்லை. நீயாக வந்து சொல்கிறாயா பார்ப்போம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாய். கையில் புதுப் போன், தாள் ஏற்கெனவே உரித்தாகிவிட்டது.

"புதுசோ?" என்றேன்.

"ஓமடி, வேலையால வரேக்கை சும்மா எட்டிப் பாத்தன், எடுத்திட்டன்."

முகத்தைப் பார்த்து நீ எனக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். நான் "நல்லாயிருக்கு" என்றேன். உனக்கென்று வைத்திருந்த நீலக் கோப்பையை விட்டுவிட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கிற கோப்பையில் தேத்தண்ணி தந்தேன். நீ அதைக் கவனிக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதிலிருந்து மூன்றாம் கிழமை நீ வேலையில் மயங்கி விழுந்தாய். செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது விட்பிக்காரி அங்கே நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு முன்னம் வந்திருந்தாள். உன் கண் கடைசியாகத் திறந்ததை அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது 'இதிலும் இவள்தானா முந்தினாள்' என்ற நினைப்புத்தான். இதை உன்னைத் தவிர வேறு யாருக்குச் சொல்வேன்?

உன் முப்பத்தோராம் நாள் சடங்கில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னட்டை அவளின்ரை குரல் ஒண்டுமே இல்லை ரஞ்சி. எப்பவும் கோல் எடுத்துத்தானே கதைப்பாள். ஒரு மெசேஜ்கூட இல்லை" என்றாள். என் போன் கைப்பைக்குள் இருந்தது. அவளுக்கென்று நீ பேசியது அதற்குள் இருந்தது. நான் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு "என்ன செய்யிறது" என்றேன்.

அந்த முறை நான் போன் மாற்றவில்லை, கடைப் பக்கமே போகவில்லை. இரண்டு வருடம் அதே பழைய போனை வைத்திருந்து, நினைத்த நேரமெல்லாம் அந்தச் செய்தியைப் போட்டுக் கேட்டேன். பாதி நாள் உன் குரலுக்காக, பாதி நாள் கோபத்துக்காக. நீ என்னைப் பகிடி பண்ணியதை விட, அந்தப் பகிடியை அவளோடு பண்ணியதுதான் சுட்டது. ஆனாலும் அது என்னிடம் மட்டும் இருந்தது. அவளிடம் எத்தனை கதவுக் குளிர்சாதனப் பெட்டி இருந்தும் இது இல்லை.

போன கிழமை அந்த ஒப்பந்த மாதம் மறுபடி வந்தது. பழைய போன் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறது, இனித் தள்ளிப்போட முடியாது. தனியாகத்தான் போனேன். கடையில் இருந்தது இங்கேயே பிறந்த ஒரு பெண். அவள் ஒப்பந்தத்தை நீட்ட, நான் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் நான் கேட்காத ஒரு காப்புறுதி இருந்தது. "இதென்ன பிள்ளை, இந்தச் சின்ன எழுத்தில..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ பேசிக் காட்டியது போலவே இருந்தது, ஒரு சுருதி குறையவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பிறகு என் பழைய போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அன்ரி, உங்கட போன் பாக்கப் ஸ்டொப் ஆகிட்டுது. லைக், ரெண்டு வருஷமா. இது ஓஃப் ஆகி ஓஃப் ஆகி வருது, மாத்தேக்கை ஏதும் மிஸ் ஆகலாம். சனிக்கிழமை பழசைக் கொண்டுவந்து தரேக்கை நாங்க எல்லாத்தையும் அழிச்சிடுவம். இம்போர்ட்டன்ட் ஏதும் இருந்தா ஆருக்கும் ஃபோர்வேர்ட் பண்ணி விடுங்கோ, அப்ப சேஃப்."

"அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன்.

காருக்குள் வந்து இருந்து யோசித்தேன். அனுப்பி வைப்பதென்றால் யாருக்கு? அந்தச் செய்தி விளங்குகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். காரை எடுத்தபோது அது கிழக்கே, விட்பிப் பக்கம் திரும்பியது என்று எழுதினால் நீ சிரிப்பாய். நான்தான் திருப்பினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் கதவைத் திறந்து என்னைக் கண்டதும், "உள்ளுக்கு வா, குளிருது" என்றாள். குசினி நீ சொன்னதை விடச் சின்னது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மேசையில் வைத்த புதுப் போனைக் கண்டதும் அதன் மூலையைத் தொடப்போனாள்.

"தொடாதை!" என்றேன். வேண்டியதை விடக் கடுமையாகத்தான் வந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். "தெரியும். அவள்தானே உரிக்கிறது. என்ரையையும் அவள்தான் உரிப்பாள்."

என்னுடையதை மட்டும்தான் உரித்தாய் என்று நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பார், இறந்த பிறகும் நீ என்னை எரிய வைக்கிறாய்.

"உனக்கு வந்த சாமான் ஒண்டு என்னட்டைக் கிடக்கு" என்றேன். "ரெண்டு வருஷமா." பழைய போனை மேசையில் வைத்து அழுத்தினேன். நாற்பது விநாடியும் அவள் போனுக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டாள். "இன்னொருக்காப் போடு" என்றாள். போட்டேன். மூன்றாம் தரமும் போட்டேன். அவள் கத்துவாள், வெளியே போ என்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் கோபப்பட்டாள்தான், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக அல்ல.

"எனக்கு அனுப்பினதிலையும் நீதானடி" என்றாள். "கடைக்கு வா எண்டு ரெண்டு சொல்லு. மிச்சம் முழுக்க உன்ரை கதை. இஞ்சை இந்த மேசையில வந்திருந்தாலும் இதுதான். ரஞ்சி வாசிப்பாள், ரஞ்சி கேப்பாள், ரஞ்சி விடமாட்டாள். சனிக்கிழமை காலமை கோல் எடுத்து என்னைக் கடைக்குக் கூப்பிட்டவள், அண்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தை வைச்சிட்டு, வழி முழுக்க 'அவள் வாசிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பாள்' எண்டு என்னட்டைக் கேட்டுக்கொண்டு வந்தவள். எனக்கு எவ்வளவு பத்தி எரியும் தெரியுமே? பன்னிரண்டு வருஷம் உன்னோடை நிண்டிருக்கிறாள், நான் எங்கை போறது?"

இவளுக்கு என்னைப் பார்த்துப் பொறாமையா? அந்த நாற்பது விநாடியை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன், அவள் கேட்ட மாதிரி ஒரு தரம் கேட்கவில்லை.

என் பொறாமை அதோடு போய்விட்டது என்று எழுத மாட்டேன். அதைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன், உன் குரலோடு சேர்த்து. செய்தியை அனுப்புவதற்கு 'ரஞ்சி விட்பி' என்ற பெயரைத் திரையில் எடுத்த பிறகும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்தினேன். அவளின் போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது. இரண்டு கையாலும் அதை எடுத்து, மேசை நடுவில் வைத்து, அவளே போட்டாள்.

"ரஞ்சி, கேக்குதே?" என்றாய் நீ.

"ஓம்" என்றோம் இருவரும். முந்தியது நான்தான்.